லை டிடெக்டர் சோதனைக்கு முதலாளி வரச் சொல்கிறார், நான் மறுக்கலாமா?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 31. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு வருடமாகக் கல்லாவில் இருக்கிறார். கணவர் ஹார்பரில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார், நான்காம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். பொங்கல் வியாபார நேரத்தில் ஒருநாள் இரவு கணக்கு முடித்து பீரோவில் வைத்த 1,70,000 ரூபாய் மறுநாள் காலையில் இல்லை. பீரோ சாவி மூன்று பேரிடம் இருக்கிறது: இவரிடம், சூப்பர்வைசரிடம், முதலாளியின் அக்கா மகனிடம்.

முதலாளி போலீசுக்குப் போகவில்லை. ஒரு தனியார் துப்பறியும் நிறுவனத்தைப் பிடித்திருக்கிறார். சனிக்கிழமை அவர்கள் மெஷினோடு வருவார்களாம். இவர், சூப்பர்வைசர், சேல்ஸ் பெண்கள் இருவர் என நான்கு பேரும் உட்கார வேண்டுமாம். அக்கா மகன் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. "சோதனை முடிவுக்குக் கட்டுப்படுகிறேன், பொய் என்று வந்தால் முழுத் தொகையையும் கட்டுகிறேன்" என்று ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்தும் கேட்கிறார்கள்.

"நான் எடுக்கல மேடம். ஆனா போலீஸ் ஜீப்பைப் பாத்தாலே எனக்குக் கை நடுங்கும். மெஷின் நான்தான்னு காட்டிடுச்சுன்னா என்ன பண்றது?" என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். போன ஆடி மாதம் மகளுக்குக் காய்ச்சல் முற்றியபோது, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுக் கல்லாவிலிருந்து 5,000 ரூபாய் எடுத்திருக்கிறார். இரண்டு நாளில் சூப்பர்வைசருக்கு ஜிபே செய்துவிட்டார், அவர் கல்லாவில் வைத்துவிட்டார். முதலாளிக்கு இது தெரியாது.

அன்புள்ள சகோதரிக்கு,

சனிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை, அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சோதனைக்கு நீங்கள் போக வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. போக வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. அந்த ஸ்டாம்ப் பேப்பரில் எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டிலும் கடையிலும் நீங்கள்தான் அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த மெஷின் எதை அளக்கிறது?

நம் பத்திரிகைகள் இதை "உண்மை கண்டறியும் சோதனை" என்று எழுதுகின்றன. அந்தப் பெயரைக் கேட்டே பலர் பாதி நம்பிவிடுகிறார்கள். உண்மையில் நடப்பது இதுதான். மார்பிலும் வயிற்றிலும் ஒரு குழாயைச் சுற்றி மூச்சின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் பிபி பார்ப்பது போலக் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்ப்பார்கள். விரல் நுனியில் இரண்டு தகடுகளை மாட்டி வியர்வையை அளப்பார்கள். எல்லாம் சேர்ந்து கோடு கோடாகத் திரையில் ஓடும். இதில் எந்தக் கோடும் பொய்யின் கோடு அல்ல. பொய் சொல்லும்போது மட்டும் உடம்பில் தோன்றும் தனி அடையாளம் எதுவும் கிடையாது. பயந்தாலும், அவமானப்பட்டாலும், கோபம் வந்தாலும், முந்தின இரவு தூங்காமல் இருந்தாலும் இதே கோடுகள்தான் எகிறும்.

அப்படியானால் பொய் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? ஒப்பிட்டுப் பார்த்துத்தான். பெரும்பாலும் இரண்டு வகைக் கேள்விகள் கேட்பார்கள். ஒன்று, "பீரோவிலிருந்து 1,70,000 ரூபாயை எடுத்தது நீங்களா?" என்பது போன்ற நேரடிக் கேள்வி. இன்னொன்று, "உங்களை நம்பிய ஒருவரை எப்போதாவது ஏமாற்றியிருக்கிறீர்களா?" என்பது போல யாரையும் சங்கடப்படுத்தும் பொதுக் கேள்வி. குற்றமற்றவர் பொதுக் கேள்விக்குத்தான் அதிகம் பதறுவார், திருடியவர் நேரடிக் கேள்விக்கு அதிகம் பதறுவார் என்பது அவர்கள் கணக்கு. இப்போது உங்களை அந்த நாற்காலியில் வைத்துப் பாருங்கள். வேலை, மானம், 1,70,000 ரூபாய்க் கடன் எல்லாமே அந்த ஒரு நேரடிக் கேள்வியில் தொங்குகின்றன. எடுக்காதவருக்கும் அங்கேதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஜீப்பைப் பார்த்தாலே கை நடுங்குகிறவர் நீங்கள்.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2003-ல் இதை முழுமையாக அலசி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைப் பற்றிக் கேட்கும்போது இந்தச் சோதனை குருட்டாம்போக்கை விட நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் பிழையில்லாத நிலைக்கு வெகு தூரத்தில் இருக்கிறது என்பதே அதன் முடிவு. அதனால் "எல்லாமே டூப்பு" என்று நான் சொல்ல மாட்டேன். அதே அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 8 பேரைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையைக் கடுமையாக்கினால், ஒரு தவறும் செய்யாத 1,598 பேரும் சேர்ந்து மாட்டுவார்கள். மறுபக்கமும் உண்டு. சோவியத் யூனியனுக்கு ரகசியங்களை விற்ற சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-லும் 1991-லும் இந்தச் சோதனையில் தேறினார். 1994-ல்தான் கைதானார்.

இதைவிடக் கொஞ்சம் நம்பத்தகுந்த இன்னொரு முறை இருக்கிறது. குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரங்களை, மற்ற விவரங்களோடு கலந்து கேட்பார்கள். உங்கள் விஷயத்தில் அதற்கும் வழியில்லை. எவ்வளவு பணம், எந்த பீரோ, எந்தத் தட்டு என்பதெல்லாம் கடையில் தண்ணீர் கேன் போடுகிற பையன் வரைக்கும் தெரிந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் மாமியார் "மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம், போய் உக்காந்துட்டு வா" என்கிறார். பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் வழியை மறிக்கிறவன் கையில் கம்பு இருந்தால், மடி காலியாக இருப்பவருக்கும் பயம் வரத்தான் செய்யும். மெஷினுக்குத் தெரிவது அந்தப் பயம் மட்டும்தான், மடியில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

முன்பெல்லாம் வீட்டில் நகை காணாமல் போனால் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவரைக் கூப்பிடுவார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். "நாளைக்கு மை போடுகிறவர் வருகிறார்" என்று சொன்ன அன்று ராத்திரியே நகை கூடத்தில் கிடந்த கதைகள் உண்டு. மையில் ஒன்றும் தெரியாது. தெரிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் வேலை செய்தது. லை டிடெக்டரின் பலத்திலும் பெரும்பங்கு இதுதான். "மெஷின் காட்டிவிட்டது, ஒத்துக்கொள்" என்ற ஒரு வார்த்தையில் உடைந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் செய்யாதவர்களும் இருப்பார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

மறுத்தால் திருடி என்று ஆகிவிடுமா?

ஆகாது. 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தெளிவாகத் தீர்ப்பளித்தார்கள். ஒருவரின் சம்மதம் இல்லாமல் லை டிடெக்டர், மருந்து செலுத்திப் பேச வைக்கும் நார்கோ, மூளை அலைகளைப் பதிவு செய்யும் மூளை வரைபடச் சோதனை எதையும் செய்யக் கூடாது. அப்படிச் செய்வது தனக்கெதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 20(3) பிரிவுக்கும், தனிமனித சுதந்திரத்தைக் காக்கும் 21-ம் பிரிவுக்கும் விரோதம். சம்மதித்து உட்கார்ந்தாலும், அந்த முடிவை அப்படியே சாட்சியமாக ஏற்க முடியாது. அதன் மூலம் பிறகு ஏதாவது பொருளோ தகவலோ கண்டெடுக்கப்பட்டால் மட்டும் அதைக் கோர்ட் பார்க்கலாம்.

போலீஸ் செய்வதாக இருந்தாலும் ஒரு முறை இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ல் வகுத்த விதிகளை அந்தத் தீர்ப்பு கட்டாயமாக்கியது. சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்னால் பதிவு செய்ய வேண்டும், வக்கீல் உதவி கிடைக்க வேண்டும், விளைவுகளை முன்பே விளக்க வேண்டும். 2012-ல் திருச்சியில் நடந்த ராமஜெயம் கொலை வழக்கிலும், கோர்ட்டில் சம்மதம் தெரிவித்தவர்களுக்குத்தான் 2023 ஜனவரியில் சென்னையில் இந்தச் சோதனை நடந்தது.

செல்வி தீர்ப்பு போலீஸ் விசாரணையைப் பற்றியது, தனியார் கடையைப் பற்றியது அல்ல என்று உங்கள் முதலாளியின் ஆள் வாதிடலாம். அது சரிதான். நம் நாட்டில் முதலாளி நடத்தும் லை டிடெக்டரை முறைப்படுத்த என்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் போலீசுக்கே இல்லாத அதிகாரம் ஜவுளிக்கடைக்காரருக்கு எங்கிருந்து வரும்? உங்களை அறையில் பூட்டி உட்கார வைத்தாலோ மிரட்டினாலோ அது அவர்மேல் வழக்காகும். அமெரிக்காவில் தனியார் முதலாளிகள் இதைப் பயன்படுத்துவதை 1988-லேயே சட்டம் போட்டுப் பெரிதும் தடுத்துவிட்டார்கள். திருட்டு விசாரணைக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அங்கேயும் சோதனை முடிவையோ மறுப்பையோ மட்டும் வைத்து வேலையை விட்டு நீக்க முடியாது.

இன்னொரு ஆபத்து உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். போலீசிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட் ஏற்காது. ஆனால் அந்த அறையில் எதிரே இருப்பவர் போலீஸ் இல்லை, தனி ஆள். அவரிடம் பதற்றத்தில் "ஆமா, ஒரு தடவை எடுத்தேன்" என்று சொல்லிவிட்டால், அது கோர்ட்டுக்கு வெளியில் கொடுத்த ஒப்புதல் என்று உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கலாம். இதை வலுவில்லாத சாட்சியம் என்றுதான் கோர்ட்டுகள் சொல்லும். ஆனால் ஏற்கவே முடியாதது என்று சொன்னதில்லை. செல்போனில் பதிவும் நடக்கும். மெஷின் ஓடும் நேரத்தை விட, அதற்கு முன்னும் பின்னும் நடக்கும் பேச்சில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள்.

சோதனையில் தேறிவிட்டால் பெயர் சுத்தமாகிவிடும், போலீசும் தொடாது என்று நம்புகிறீர்கள். அப்படி இல்லை. உங்களுக்கு எதிராகச் செல்லாத அந்தத் தாள், உங்களுக்கு ஆதரவாகவும் செல்லாது. "நானே போலீஸில் கேட்டு இந்தச் சோதனை எடுக்கலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நார்கோ சோதனையைக் கேட்டுப் பெற யாருக்கும் அசைக்க முடியாத உரிமை இல்லை, உரிய கட்டத்தில் கோர்ட் பரிசீலிக்கலாம் என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. லை டிடெக்டரை நினைத்துக்கொண்டிருப்பவருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

வக்கீலாக என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர் குடோன் காவலாளி. இப்படித்தான் "மடியில கனமில்ல மேடம்" என்று என்னைக் கேட்காமலே போய் உட்கார்ந்தார். பொய் என்று வந்தது. அவமானம் தாங்காமல் வேலையை விட்டார். நான்கு மாதம் கழித்து, காணாமல் போன தொகை வேறொரு கணக்கில் தவறாக ஏற்றப்பட்டிருந்ததை ஆடிட்டர் கண்டுபிடித்தார். அவரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. இன்றுவரை அது என் மனதை அறுக்கிறது.

அந்த 5,000 ரூபாய்

இதை "திருப்பிக் குடுத்துட்டேன், அதுல தப்பே இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த இடத்தில் உங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. முதலாளியின் அனுமதி இல்லாமல் தற்காலிகமாக எடுத்தாலும் அது திருட்டு என்று வாதிட முடியும், திருப்பிக் கொடுத்ததால் மட்டும் அந்த வாதம் போய்விடாது. உங்களுக்குச் சாதகமாக இருப்பது வேறு. மேலே இருப்பவரிடம் சொல்லிவிட்டு எடுத்தீர்கள், மறைக்கவில்லை, திருப்பிக் கொடுத்ததற்குத் தேதியோடு ஜிபே பதிவு இருக்கிறது. கெட்ட எண்ணம் இல்லை என்று காட்ட இவை போதும் என்றே நம்புகிறேன். இன்றே அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பேங்க் ஸ்டேட்மெண்டிலும் அந்தப் பக்கத்தை வாங்கி வையுங்கள்.

சோதனை அறையில் "வேறு எப்போதாவது கல்லாப் பணத்தைத் தொட்டதுண்டா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். இல்லை என்றால் பொய், கோடு எகிறும். ஆமாம் என்றால் 5,000-த்தோடு 1,70,000-மும் உங்கள் தலையில் ஏறும். நீங்கள் போகக் கூடாது என்று நான் சொல்வதற்கு மெஷினின் குறைகளை விட இதுதான் பெரிய காரணம். அதற்காக இதைப் புதைத்துவிடவும் சொல்ல மாட்டேன். முதலில் ஒரு வக்கீலிடம் முழுதாகச் சொல்லுங்கள். முதலாளியிடம் எப்போது, எப்படித் தெரிவிப்பது என்பதை அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். போலீஸ் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "வக்கீலைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. சூப்பர்வைசரிடம் போய் "அண்ணா, அதைச் சொல்லிடாதீங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நாளைக்கு அந்த ஒரு வார்த்தை சாட்சியை மிரட்டியது போலத் திரும்பும். அவரும் பயத்தில்தான் இருப்பார்.

சனிக்கிழமைக்கு முன்னால்

மாமியாரின் பிபி மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சில பிபி மாத்திரைகள் இதயத்துடிப்பைக் குறைத்துவிடும், ஆஸ்துமா இருந்தால் ஆபத்தாகும். உங்களுக்கு வீசிங் உண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முதலாளிக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். வாயால் மறுத்தால் "ஓடிட்டா" என்பார்கள். அனுப்பியது தெரிய வேண்டும், அதனால் டெலிவரி ஆனதற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு, அதையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். இந்த மாதிரி எழுதினால் போதும்: "ஐயா, பணம் காணாமல் போனது பற்றிய எந்த விசாரணைக்கும் ஒத்துழைக்கத் தயாராக இருக்கிறேன். அன்றைய கணக்குப் புத்தகம், சாவி வைத்திருந்த மூவரின் விவரம், கேமரா பதிவு ஆகியவற்றைப் பார்க்கும்படியும், கேமரா பதிவு அழியாமல் எடுத்து வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். தேவையெனில் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். லை டிடெக்டர் சோதனைக்கும், பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கும் எனக்குச் சம்மதம் இல்லை." கேமரா வரி முக்கியம். பல கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அக்கா மகன் மேல் நீங்களாகக் குற்றம் சாட்டி ஒரு வரிகூட எழுதாதீர்கள். "மூவர்" என்ற ஒரு சொல்லே போதும்.

போலீஸ் புகார் என்றதும் உங்களுக்குப் பதறும், புரிகிறது. இதில் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலை செய்யும் இடத்தில் திருடினால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 306-ம் பிரிவின்படி 7 வருடம் வரை தண்டனை உண்டு. சாவி இருந்ததால் உங்களையும் கட்டாயம் விசாரிப்பார்கள். ஆனால் இந்த அளவு தண்டனையுள்ள வழக்குகளில் போலீஸ் வழக்கமாக முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும், காரணம் இல்லாமல் கைது செய்யக் கூடாது. சாட்சியாக விசாரிப்பதென்றால் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். பயம் இருந்தால் முன்ஜாமீன் கேட்கலாம். பூட்டிய அறையில் ஒரு தனியார் ஆளிடம் உட்காருவதை விட, பதிவும் வக்கீலும் மாஜிஸ்திரேட்டும் இருக்கிற வழியே உங்களுக்குப் பாதுகாப்பு.

வேலையைப் பற்றி: ஆறு வருடம் வேலை செய்தவரை மெஷின் சொன்னது என்று நிறுத்திவிட முடியாது. 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 41-ம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நீக்கத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீசோ சம்பளமோ வேண்டும். திருட்டு போன்ற குற்றச்சாட்டில் நோட்டீஸ் இல்லாமல் நீக்க வேண்டுமென்றால், முறையாக விசாரணை நடத்திச் சாட்சியம் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். உங்களிடம் விளக்கம் கேட்காமல் சம்பளத்தில் இந்தத் தொகையைப் பிடிக்கவும் முடியாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம், இல்லையென்றால் நேரில் போகலாம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடிக்கு அடுத்த ஸ்டேஷன் ஹைகோர்ட், அந்த வளாகத்தில்தான் சட்டப்பணிகள் ஆணையம் இருக்கிறது. ஆதார், ஜிபே ஸ்கிரீன்ஷாட், சம்பள விவரம், முதலாளிக்கு எழுதிய கடிதத்தின் நகல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அப்புறம், பணம் காணாமல் போன நாள் இரவு நீங்கள் எத்தனை மணிக்குப் பூட்டினீர்கள், யார் கூட இருந்தார்கள், எந்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தீர்கள் என்பதை எல்லாம் மறப்பதற்குள் ஒரு நோட்டில் உங்கள் கைப்பட எழுதி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமைக்குள் போய்விடுங்கள், ஸ்பீட் போஸ்டை அன்று மாலைக்குள் போட்டுவிடலாம்.